உணவுக்கு வழி அமைத்த பொறியாளர்

1914ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெல்ஜியம் நாட்டின் ரொட்டிக் கடைகளில் மாவு தீர்ந்துகொண்டிருந்தது. அந்நாட்டில் 7 மில்லியனுக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் மிகுந்த அந்தச் சிறிய நாடு, தனக்குத் தேவையான தானியத்தின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து கப்பல் வழியாக வாங்கி வந்தது. முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. எதிரிக்கு எந்தப் பொருளும் போய்ச் சேரக்கூடாது என்று பிரிட்டனின் போர்க்கப்பல்கள் கடலை மறித்து நின்றன. நாட்டைப் பிடித்தவரே மக்களுக்கு உணவளிக்க வேண்டும் என்றது பிரிட்டன். கடலை மறித்தவரே அதற்குப் பொறுப்பு என்றது ஜெர்மனி. இரண்டு பெரிய நாடுகள் வாதிட்டுக்கொண்டிருக்க, நடுவில் சிக்கிய மக்களை நோக்கிப் பட்டினி வந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டில் உலகில் கோதுமைக்குப் பஞ்சம் இல்லை. அமெரிக்காவில் விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஆனால், அந்தக் கோதுமையை வாங்கப் பணம் வேண்டும். ஏற்றிவரக் கப்பல் வேண்டும். போர்க்கடலைக் கடக்க அனுமதி வேண்டும். இறக்கத் துறைமுகம் வேண்டும். ஊர் ஊராகக் கொண்டுசென்று நேர்மையாகப் பங்கிடுவோர் வேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் உணவு வழியிலேயே நின்றுவிடும். இவை அனைத்தையும் ஒரே சங்கிலியாகக் கோத்தவர் ஹெர்பர்ட் ஹூவர். அப்போது அவர் அரசியல்வாதி அல்லர், சுரங்கப் பொறியாளர்.

ஹூவர் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர். எளிமையையும் பிறருக்கு உதவுவதையும் போற்றும் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது அக்குடும்பம். ஹூவருக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்தார். ஒன்பது வயதில் அவர் தாயையும் இழந்தார். மூன்று பிள்ளைகளும் உறவினர்களின் வீடுகளில் வெவ்வேறாக வளர நேர்ந்தது. பதினொரு வயதில் ஹூவர் இரயில் ஏறி, நெடுந்தொலைவில் இருந்த ஒரிகன் மாநிலத்துக்குச் சென்று மாமாவின் வீட்டில் வளர்ந்தார்.

1891ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் புதிதாகத் திறக்கப்பட்டது. அதன் முதல் மாணவர்களுள் ஹூவரும் ஒருவர். பகுதி நேர வேலைகள் செய்துகொண்டே படித்து, 1895இல் நிலவியலில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடன் நல்ல வேலை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சுரங்கம் ஒன்றில் தாதுக்கல் வண்டி தள்ளும் கூலியாகத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்களுக்கும், பின்னர்ச் சீனாவுக்கும் பொறியாளராகச் சென்றார்.

பாலைவனத்தில் சுரங்கம் நடத்துவது எளிதன்று. குடிநீர், உணவு, மரம், இயந்திரம், கூலி அனைத்தும் குறித்த நாளில் வந்து சேர வேண்டும். எது தாமதமானாலும் வேலை நின்றுவிடும். எந்தப் பொருள் எங்கிருந்து வரும், எத்தனை நாளாகும், வழியில் என்ன தடை வரும் என்று முன்கூட்டியே கணக்கிடும் பழக்கம் ஹூவருக்கு அங்கேதான் ஏற்பட்டது. 1900இல் சீனாவின் தியென்ட்சின் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அவரும் அவருடைய மனைவி லூவும் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே தடுப்பரண் எழுப்பவும், அடைபட்டோருக்கு உணவும் நீரும் கிடைக்கச் செய்யவும் ஹூவர் உழைத்தார்.

நாற்பது வயதில் அவர் இலண்டனில் வாழ்ந்த பெரும் செல்வர். போர் தொடங்கியதும் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த பல்லாயிரம் அமெரிக்கர்கள் ஊர் திரும்ப முடியாமல் தவித்தனர். வங்கிகள் அவர்களுடைய காசோலைகளை ஏற்கவில்லை; பல கப்பல் பயணங்களும் நிறுத்தப்பட்டன. ஹூவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்குக் கடன் கொடுத்தார். பயணச்சீட்டும் ஏற்பாடு செய்தார். அவருடைய திறமையை இலண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் கவனித்தார். பெல்ஜிய மக்களுக்கு உணவு தேடி வந்தவர்கள் தூதரை நாடியபோது, ஹூவரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1914 அக்டோபர் 22ஆம் நாள் பெல்ஜிய நிவாரண ஆணையம் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் தொழிலைத் தொடர்ந்திருந்தால் ஹூவர் மேலும் பெரும் செல்வம் சேர்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஊதியம் பெறாமல் இப்பணியை ஏற்றார்.

அவர் முதலில் பெற வேண்டியிருந்தது அனுமதி. கொண்டுவரப்படும் உணவைத் தன் படை எடுத்துக்கொள்ளாது என்ற உறுதியை ஜெர்மனியிடம் பெற்றார். உணவுக் கப்பல்களைத் தடுப்பதில்லை என்ற உறுதியைப் பிரிட்டனிடம் பெற்றார். இவ்விரண்டு உறுதிகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உணவு படையினருக்குப் போனால் பிரிட்டன் கப்பல்களை நிறுத்திவிடும். கப்பல்கள் நின்றால், பசியால் கொதிக்கும் மக்களை ஜெர்மனி அடக்க வேண்டிவரும். ஆகவே, ஒப்பந்தம் தொடர்வது இருவருக்குமே பயனுடையதாக இருந்தது. அன்று போரில் சேராதிருந்த அமெரிக்காவைச் சேர்ந்த இளைஞர்கள் பெல்ஜியத்தின் மாநிலங்கள்தோறும் பார்வையாளர்களாக அமர்த்தப்பட்டனர். அவர்களுள் சிலர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள். கிடங்குக்கு வந்த மூட்டை எத்தனை, வெளியே சென்றது எத்தனை என்று பார்ப்பதே அவர்களது முதன்மையான வேலை.

அடுத்தது பயணம். உணவு ஏற்றிய கப்பல்களின் இரு பக்கங்களிலும் ஆணையத்தின் பெயர் மிகப் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் அவற்றைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்தனர். அப்படியிருந்தும் கண்ணிவெடிகளாலும் தாக்குதல்களாலும் சில கப்பல்கள் மூழ்கின. தப்பி வந்தவை நடுநிலை நாடான நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்தன. அங்கே கோதுமை, பெரிய கப்பல்களிலிருந்து கால்வாய்ப் படகுகளுக்கு மாற்றப்பட்டது. பெல்ஜியத்தில் கால்வாய்கள் மிகுதி. படகுகள் அவற்றின் வழியே நகரங்களுக்குச் சென்றன. அங்கிருந்து கோதுமை மாவு ஆலைகளுக்கும், மாவு ரொட்டிக் கடைகளுக்கும் போனது.

கடைசிக் கட்டத்தைப் பெல்ஜிய மக்களே கவனித்துக்கொண்டனர். எமில் ஃபிராங்க்கி என்பவரின் தலைமையில் ஒரு தேசியக் குழு இயங்கியது. ஒவ்வோர் ஊரிலும் அதன் கிளைக் குழு இருந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வேலையில்லை, யார் நோயாளி என்பதை வெளிநாட்டவரைவிட ஊராரே நன்கு அறிவர். எனவே, உணவைக் கொண்டுவருவது ஆணையத்தின் பொறுப்பாகவும், பங்கிடுவது ஊர்க் குழுக்களின் பொறுப்பாகவும் அமைந்தது.

எல்லாருக்கும் உணவு இலவசமாகக் கொடுக்கப்படவில்லை. பணம் உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்கினர். அதில் கிடைத்த ஆதாயம், ஒன்றும் இல்லாதவர்களுக்கு உணவளிக்கப் பயன்பட்டது. ஏழைகளுக்காகப் பொதுச் சமையற்கூடங்களில் சூப்பும் ரொட்டியும் வழங்கப்பட்டன. வளரும் பிள்ளைகளுக்கு வழக்கமான பங்கு போதாது என்பதால், பள்ளிகளில் அவர்களுக்குத் தனி உணவு கொடுக்கப்பட்டது.

மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. ஹூவரிடம் இருந்தவையோ கணக்கேடுகள் மட்டுமே. பல நாட்டு மக்கள் நன்கொடை அளித்தனர். ஆயினும், செலவின் பெரும்பகுதியைப் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்க அரசுகளே ஏற்றன. பிறர் பணத்தில் நடக்கும் பணிக்குக் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் ஹூவர் உறுதியாக இருந்தார். வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள் கணக்குகளைச் சரிபார்த்தனர். பலர் ஊதியமின்றி உழைத்ததால், நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

காலியான மாவுச் சாக்குகளுக்கும் கணக்கு இருந்தது. அவை பருத்தித் துணியால் ஆனவை. பருத்தி, வெடிமருந்து செய்யப் பயன்படும். அது ஜெர்மானியப் படையின் கைக்குப் போனால் பிரிட்டனின் நம்பிக்கை குலைந்துவிடும். ஆகவே, சாக்குகள் கவனமாகத் திரட்டப்பட்டன. பெல்ஜியப் பெண்கள் அவற்றிலிருந்து பிள்ளைகளுக்கு உடை தைத்தனர். சில சாக்குகளில் வண்ண நூலால் பூவேலை செய்து, நன்றியின் அடையாளமாக அமெரிக்காவுக்கு அனுப்பினர். அவற்றுள் பல இன்றும் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இரு தரப்பிலும் ஐயம் ஓயவில்லை. இந்த உணவு எதிரியின் சுமையைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் தலைவர்கள் சிலர் எதிர்த்தனர். பார்வையாளர்களுள் உளவாளிகள் இருக்கலாம் என்று ஜெர்மானிய அதிகாரிகள் ஐயுற்றனர். சிக்கல் எழும்போதெல்லாம் ஹூவர் ஆபத்து நிறைந்த வடகடலைக் கடந்து சென்று பேச்சு நடத்தினார். அப்படி அவர் சுமார் 40 முறை கடந்தார் என்பர். 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. அமெரிக்கப் பார்வையாளர்கள் பெல்ஜியத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. நடுநிலை நாடுகளான நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகியவற்றைச் சேர்ந்தோர் அவர்களின் இடத்தை நிரப்பினர். ஆட்கள் மாறினாலும் அமைப்பு நிலைத்தது. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலுமாக 9 மில்லியனுக்கும் அதிகமான மக்களுக்குச் சுமார் 5 மில்லியன் டன் உணவு போய்ச் சேர்ந்தது.

போர் முடிந்த பின்னும் பசி முடியவில்லை. 1919இல் ஹூவரின் தலைமையில் அமெரிக்க நிவாரண நிருவாகம் உருவாகி, போலந்து, ஆஸ்திரியா முதலிய நாடுகளின் பிள்ளைகளுக்கு உணவளித்தது. அங்கே ஒரு விதி கடைப்பிடிக்கப்பட்டது. பிள்ளைகள் உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், உணவுக்கூடத்திலேயே அமர்ந்து உண்ண வேண்டும். பசித்த வீட்டில் பெரியவர்களும் அதைப் பங்கிட நேரும். பிள்ளைக்கு உரியது குறைந்துவிடும். கடுமையாகத் தோன்றினாலும், மிகவும் நலிந்த பிள்ளைகளைக் காக்க அந்த விதி உதவியது.

1921இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் கொடிய பஞ்சம் பரவியது. போரும் உள்நாட்டுப் போரும் நாட்டைச் சிதைத்திருந்தன. உழவர்களின் தானியத்தை அரசு பறித்துக்கொண்டது, மழையும் பொய்த்தது. எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி உலகத்திடம் உதவி கேட்டார். ஹூவர் பொதுவுடைமை ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும், பசித்த மக்களையும் அவர்களை ஆண்ட அரசையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை. ரஷ்யாவில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கர்களை விடுவிக்க வேண்டும், உணவைப் பங்கிடும் உரிமை தம் அமைப்பிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை முன்வைத்தார். ஆகஸ்டு 20ஆம் நாள் ரீகா நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெல்ஜியத்தில் கால்வாய்கள் இருந்தன. ரஷ்யாவிலோ நூற்றுக்கணக்கான மைல் நீளப் பாதைகளும் பழுதடைந்த இரயில்களுமே இருந்தன. துறைமுகத்தில் சோளம் வந்து குவிந்தபோதும், அதை இழுத்துச் செல்லப் போதிய இயந்திரங்கள் ஓடவில்லை. பனிக்காலத்தில் இரயில்கள் வழியில் தேங்கின. இரயில் நிலையத்திலிருந்து சிற்றூர்களுக்குச் சறுக்கு வண்டிகளும் சில இடங்களில் ஒட்டகங்களும் உணவைச் சுமந்தன. உண்ணும் தானியத்தோடு விதைத் தானியமும் அனுப்பப்பட்டது. விதைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் பஞ்சம் தொடரும் அல்லவா? 1922 ஆகஸ்டில் நாள்தோறும் சுமார் 10 மில்லியன் பேர் அந்த அமைப்பின் உணவை உண்டனர். அப்பஞ்சத்தில் சுமார் 5 மில்லியன் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. உதவி வந்திராவிட்டால் அத்தொகை மேலும் கூடியிருக்கும்.

இத்தகைய புகழோடு ஹூவர் 1929இல் அமெரிக்காவின் அதிபரானார். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மில்லியன் கணக்கானோர் வேலை இழந்தனர். அமெரிக்க நகரங்களிலேயே மக்கள் சூப்புக்காக வரிசையில் நின்றனர். ஹூவர் பொதுப்பணிகளுக்குச் செலவிட்டார். கடன் திட்டங்களையும் கொண்டுவந்தார். ஆனால், மத்திய அரசு தனி மனிதருக்கு நேரடியாக உதவித்தொகை கொடுத்தால் மக்களின் தன்னூக்கம் கெடும் என்று அவர் நம்பினார். உள்ளூர் அரசுகளும் அறநிறுவனங்களும் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார். அவற்றின் கருவூலங்களோ விரைவில் வறண்டுபோயின.

பெல்ஜியத்தில் நன்கொடை மட்டும் போதாது, அரசுகளின் பணமும் வேண்டும் என்பதைக் கண்டவர் அவர். தம் சொந்த நாட்டின் துன்பத்தின்போது அந்தப் பாடத்தை அவர் முழுமையாகப் பின்பற்றவில்லை. வீடிழந்தோர் தகரத்தாலும் அட்டையாலும் அமைத்துக்கொண்ட குடிசைப் பகுதிகளுக்கு மக்கள் கசப்போடு ஹூவரின் பெயரையே சூட்டினர். 1932 தேர்தலில் அவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம் பெரும் தோல்வி அடைந்தார்.

அவருடைய பணி அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகின் பல பகுதிகளில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1946இல் அதிபர் ட்ரூமன், மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஹூவரை அழைத்து நிலைமையை ஆராயச் சொன்னார். அப்போது ஹூவருக்கு வயது 71. விமானத்தில் இந்தியா உட்பட 38 நாடுகளுக்குச் சென்று, எங்கே எவ்வளவு உணவு மிச்சம், எங்கே எவ்வளவு குறைவு என்று கணக்கெடுத்தார். மறு ஆண்டு, ஒரு காலத்தில் எதிரியாக இருந்த ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் திட்டம் அவருடைய பரிந்துரையால் தொடங்கியது.

அவரோடு பெல்ஜியத்தில் இளைஞராகப் பணியாற்றியவர் மாரிஸ் பேட். 1946இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் யூனிசெஃப் என்னும் சிறுவர் நிதியத்தை அமைத்தபோது, அதன் முதல் தலைமை நிருவாகியாகப் பேட் பொறுப்பேற்றார். 1961இல் உலக உணவுத் திட்டம் உருவானது. ஹூவர் 1964 அக்டோபர் 20ஆம் நாள், தம் 90ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார்.

நிலநடுக்கமோ வெள்ளமோ போரோ ஏற்படும்போது இன்றும் அதே கேள்விகள் எழுகின்றன. எந்தத் துறைமுகம் இயங்குகிறது? எல்லையைக் கடக்க யார் அனுமதி தர வேண்டும்? கிடங்கின் திறவுகோல் யாரிடம் இருக்கும்? வரிசைக்கு வர இயலாத முதியவருக்கு உணவை யார் கொண்டுசெல்வார்? ஆபத்து நேர்ந்த பிறகு பொருள் தேடினால் காலம் கடந்துவிடும் என்பதால், கூடாரம், மருந்து, உணவு முதலியவற்றை முன்கூட்டியே சேமித்து வைக்கும் கிடங்குகளை ஐக்கிய நாட்டு நிறுவனம் உலகின் சில இடங்களில் அமைத்தது. மலேசியாவின் சுபாங்கும் அவற்றுள் ஒன்று.

ஹூவரின் வாழ்க்கையில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரக்கம் பசியைப் போக்க வேண்டுமானால் அதற்குத் திட்டமும் நேர்மையான கணக்கும் துணைநிற்க வேண்டும் என்பதை அவருடைய வெற்றி காட்டியது. திட்டமிடும் திறமை இருந்தாலும், துன்பம் கண்முன் நிற்கும்போது தம் கொள்கையை மறுபடியும் எண்ணிப் பார்க்கும் மனமும் வேண்டும் என்பதை அவருடைய தோல்வி காட்டியது. அவரை அறிந்துகொள்ள விரும்புவோர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.